சொட்டு நின்றுபோனது

விளக்கு வைக்கும் நேரம். துணி மடித்துக்கொண்டிருந்த நீலாவதிக்குச் சொட்டுச் சத்தம் நின்றுபோனது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குளியலறை ஹீட்டரின் சேப்டி வால்விலிருந்து சுவரைத் துளைத்துக் கொல்லைக்கு வரும் குழாய், ஒரு மாதமாக வாளியில் டொக்கு டொக்கென்று சொட்டி அவள் உயிரை வாங்கியிருந்தது. இப்போது அது இல்லை. அதற்குப் பதில் சுவருக்குள் வண்டு குடைவதுபோல ஒரு ரீங்காரமும், வெந்த களிமண் வாடையும் வீடெங்கும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தன.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். குழாயின் வாயில் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் பசை அப்பியிருந்தது. செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் தேவநாதனின் கைவேலை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொட்டட்டும்க்கா. தொட்டி மூச்சு வுடுற வழி அது. நான் புது வால்வு வாங்கியாந்து மாட்டுறேன், அதுவரைக்கும் அடைச்சிடாதீங்க" என்று பிளம்பர் ஜெயராஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

பீங்கானைப் பிடித்து இழுத்தாள். விரல் கொப்பளித்தது.

போனை எடுத்தாள். "யோவ், அறிவிருக்குதா உனக்கு? யாரக் கேட்டு அடைச்ச?"

"நீதானடி சத்தம் தாங்கலன்னு கத்துன?"

அவன் சிரித்தான். அவள் பல்லைக் கடித்தாள். அப்போதுதான் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வேல்விழி. டியூஷனிலிருந்து வந்ததும் குளிக்கப் போன மகள்.

ஓடினாள். போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. குளியலறைக்கு வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சை அணைத்தாள். அதிலிருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை. மறுபடியும் தட்டினாள். அணையவில்லை.

தகரக் கதவை இடித்தாள். "பாப்பா! வெளிய வா!"

"இரும்மா, தலைக்கு ஷாம்பு போட்டிருக்கேன்."

"அப்படியே வாடி!"

மெயின் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். வீடு இருண்டது. ஃபேன் நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

ரீங்காரம் பெருத்தது.

"அம்மா... தாழ்ப்பா சுடுது."

உதைத்தாள். மறுபடி உதைத்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ரீங்காரமும் நின்றது.

தரையில் கிடந்த போனில் தேவநாதன் கேட்டான். "என்னா, இப்ப சத்தம் நின்னுச்சில்ல?"

இருட்டில் தகரக் கதவு சூளை வாய்போல மெல்லச் சிவந்தது. அதன் நடுவில், ஐந்து விரலும் விரித்த ஒரு சின்னக் கையின் அச்சு மட்டும் கறுப்பாக இருந்தது.