மேலிருந்து ஒன்பதாவது உறை

விஜயராணி மாடி ஏறி வந்தபோது கையில் கிழிந்த ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்று இருந்தது. அதில் ஓர் ஆணின் பாதி முகமும், 'உயிர் காக்கும் உத்த' என்ற எழுத்துகளும் மிஞ்சியிருந்தன. மேசைமேல் அதைப் போட்டுவிட்டு, உட்காராமலே சொன்னாள்.

"இந்த ஆளு எம்புள்ளையக் கொல்லுதான் சார். போலீஸ்ல சொன்னா சிரிக்காங்க."

அருள்புரத்தில் பட்டனும் ஜிப்பும் விற்கும் கடைக்கு மேலே இருந்தது செங்கோட்டையனின் அறை. பனியன் கம்பெனிகளில் துணி தொலைந்தால் தேடிக் கொடுப்பது அவர் தொழில். நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று ஊரைச் சுற்றிவரும் துணி எந்த முக்கில் காணாமல் போனது என்று, குரலை உயர்த்தாமல் கண்டுபிடித்துவிடுவார். அந்த உயராத குரல்தான் அபிராமிக்கு எரிச்சல். அவள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. படிப்புக்கு ஏற்ற வேலை பனியன் ஊரில் எங்கே இருக்கிறது? இவரிடம் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவள், இப்போது கூடவே அலைகிறாள்.

"உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டு மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் செங்கோட்டையன்.

விஜயராணி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை. பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். ஏழு வயது மகள் தேஜஸ்ரீக்கு ரத்தப் புற்று. ஒருமுறை அடங்கித் திரும்பி வந்த நோய், மருந்தில் மறுபடி அடங்கியிருக்கிறது. அது அடங்கியிருக்கும்போதே வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றிவிட வேண்டும், ஆறு வாரம் தாண்டினால் கையில் இல்லை என்று கோவை டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் செல் பாதிதான் பொருந்துகிறது. அந்தப் பாதியையும் பிள்ளையின் ரத்தம் எதிர்க்கிறது.

அதனால் கம்பெனியில் முகாம் போட்டார்கள். நாற்பத்தொரு பேர் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து, ஆளுக்கொரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். டோனர் பதிவகத்திலிருந்து பதில் வந்தது: ஒன்பதாம் எண், செக்கிங் சூப்பர்வைசர் முருகேஷ், முழுப் பொருத்தம். கொடுப்பவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது பதிவகத்தின் விதி. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிற வாரத்தில் வாசலில் நல்லதாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. எது ஜெயிக்கும்? முருகேஷின் முகம் வாசலில் தொங்கியது.

பிறகு முருகேஷ் கோவைக்குப் போய், உறுதிப்படுத்த ரத்தம் கொடுத்தான். அந்த ரத்தம் துளியும் பொருந்தவில்லை.

"பயந்துட்டு வேற எவனையோ அனுப்பிட்டான் சார். எங்க கம்பெனியில ஒருத்தன் கார்ட இன்னொருத்தன் பஞ்ச் அடிக்கது தெனம் நடக்கது."

"பதிவகத்துல என்ன சொல்றாங்க?" என்றாள் அபிராமி.

"மாதிரி மாறியிருக்கலாமாம். எல்லாருக்கும் திரும்ப எடுத்துப் பாக்க மூணு மாசமாம்." விஜயராணி சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "மூணு மாசத்துல நான் யாருக்குன்னு பாக்க?"

கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம் அபிராமி முருகேஷைத் திட்டிக்கொண்டே வந்தாள். செங்கோட்டையன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தப் பொருத்தம் யாருக்கு யாரோட வரும் அம்மிணி?"

"கூடப் பொறந்தவங்களுக்கு வரலாம். வெளியாள்னா லட்சத்துல ஒண்ணு. ஒரே ஊரு, ஒரே சாதிக்குள்ளயே கட்டிக் கட்டி வந்த கூட்டம்னா கொஞ்சம் கூடுதலா வாய்ப்பு இருக்குதுண்ணா."

"முருகேஷ் சென்னிமலைக்காரன். புள்ளை கோவில்பட்டி."

"வரவே வராதுன்னு இல்ல."

"இல்லதான்," என்றார், அதோடு விட்டுவிட்டார்.

எச்.ஆர். மேனேஜர் ரத்தினசாமி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். முகாம் பட்டியலை அவரே கைப்பட எழுதியிருந்தார். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை, வந்து கொடுத்த வரிசையில். நான்காவது பெயர் அவருடையதே.

"நல்லது செய்யப் போயி நான் பட்ட அவமானம் இருக்குதுங்களே," என்று ஒரு காகிதத்தை நீட்டினார். "படிச்சுப் பாருங்க. என்ற மாதிரியில பொகையிலைக் கறையாம், சோதிக்க முடியலையாம். சஷ்டி விரதம் இருக்கற வாயிங்க இது! டீ கூட ரெண்டு வேளைதான்."

அபிராமி சிரிப்பை அடக்கினாள். செங்கோட்டையன் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்த நாப்பத்தோரு பேர்ல பொகையிலை போடறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அயர்னிங் பழனிமுத்து ஒருத்தன்தானுங்க. தூங்கறப்பக்கூட வாய்க்குள்ள வெச்சிருப்பான்." பட்டியலில் விரலை ஓட்டினார். "முப்பத்தெட்டாவது ஆளு. அவன் மாதிரி சுத்தமா இருக்குதாமா. கலிகாலம்."

முருகேஷ் செக்கிங் டேபிளில் தலையைத் தூக்காமல் நின்றிருந்தான். அவன் மேசை ஓரத்தில் யாரோ சாக்பீஸால் 'டூப்ளிகேட்' என்று எழுதியிருந்தார்கள். அவன் அழிக்கவில்லை.

"நீங்கதான் போனீங்களா?" அபிராமி நேராகக் கேட்டாள்.

"நான்தானுங்க போனேன். ஆதார், கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்தாங்க. கேட்டுப் பாருங்க. பொருத்தம்னு போன் வந்ததுங்காட்டி, ஊட்டுல அம்மா பொண்ணு அமைஞ்சிருச்சுன்னு நெனச்சு எந்த ஊருன்னு கேட்டுச்சுங்க. பயந்தேன்தான். எலும்பைத் தொளைப்பாங்கன்னு பயந்தேன். அப்பறம் டாக்டரம்மா சொன்னாங்க. அஞ்சு நாள் ஊசி போட்டா அந்தச் செல்லு ரத்தத்துக்கு வந்துருமாம். ஒரு கையில ரத்தத்த எடுத்து, மிஷின்ல செல்லைப் பிரிச்சு, இன்னொரு கையில திருப்பி ஏத்திருவாங்களாம். அதுக்கு எதுக்குங்க ஆள் மாத்தப்போறேன்?"

அபிராமிக்கு முகம் சுட்டது. வழியெல்லாம் திட்டியது இவனைத்தான்.

"உறையில ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?" என்றார் செங்கோட்டையன்.

கட்டிங் செக்ஷன் வினிதா. வெட்டிய துணிக்கு எண் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. நாளுக்குப் பத்தாயிரம் ஸ்டிக்கர் ஒட்டும் விரல்கள். அதனால்தான் முகாமிலும் அவளை உட்கார வைத்தார்கள்.

"ஆளாளுக்கு அப்பவே ஒட்டச் சொன்னாங்க, ஏனுங்க பொய் சொல்லோணும். ஆனா தையல் லைன் நிக்குது சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம் போட்டாங்க. அதான் உறையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ட்ரேயில போடச் சொல்லிட்டு, எல்லாரும் போனப்பறம் பண்டல் கட்டி ஒட்டினேனுங்க."

"பண்டலா?"

"ஆமாங்க. எப்பவும் மாதிரி."

"எப்பவும் மாதிரின்னா, எங்கிருந்து ஆரம்பிச்சே கண்ணு?"

"மேல இருந்துதானுங்க," என்றாள் வினிதா, இதென்ன கேள்வி என்பதுபோல.

செங்கோட்டையன் கண்ணை மூடித் திறந்தார். சாயங்கால டீ நேரத்தில் கேன்டீனில் எல்லாரும் இருக்க வேண்டும் என்று ரத்தினசாமியிடம் கேட்டுக்கொண்டார்.

"எதுக்குண்ணா எல்லாரும்?" என்றாள் அபிராமி.

"அந்தப் பையனை எல்லாரும் சேர்ந்துதான அசிங்கப்படுத்தினாங்க."

கேன்டீனில் டீ கிளாசுகளோடு நின்ற கூட்டத்தின் முன்னால் அவர் நாலு பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"கட்டிங் டேபிள்ல முதல்ல விரிச்ச துணி எங்க கெடக்கும்?"

"அடியில," என்றது கூட்டம்.

"ஸ்டிக்கர் எங்கிருந்து ஒட்டுவீங்க?"

"மேல இருந்து."

"துணிக்கு அது தப்பில்லை. முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் கைக்கும் ஒரே நம்பர் விழுந்தாப் போதும், அது என்ன நம்பர்னு யாருக்கு அக்கறை? ஆனா மனுசனுக்கு அக்கறை இருக்கு. முகாம்ல முதல்ல கொடுத்தவரோட உறை அடியில போச்சு. கடைசி ஆளோடது மேல நின்னுச்சு. வினிதா பொண்ணு பழக்கத்துல மேல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு ஒட்டிருச்சு. பட்டியல் அப்படியே தலைகீழ். நாலாம் நம்பர் ரத்தினசாமி ஐயாவுக்கு வந்த பொகையிலைக் கறை, மேலிருந்து நாலாவது உறை. அது முப்பத்தெட்டாவதா வந்தவரோடது."

எல்லாத் தலையும் பழனிமுத்துவைப் பார்த்தது. அவர் அவசரமாக எதையோ விழுங்கினார். சிரிப்பு வெடித்தது. ரத்தினசாமி, "முருகா, என்ற வாய் தப்பிச்சுது!" என்றார்.

"அப்ப ஒன்பதாம் நம்பர் முருகேஷோடது இல்லை. மேலிருந்து ஒன்பதாவது உறை. முப்பத்து மூணாவதா வந்தவங்களோடது."

முருகேஷ் சுவரில் சாய்ந்து அழுதான். யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; அதற்கு நேரமும் இல்லை. அபிராமி பட்டியலைப் பறித்துப் படித்தாள்.

"மூக்கம்மாள்! வயசு இருபத்திரண்டு, டிரிம்மிங் செக்ஷன், ஊர்..." நிமிர்ந்தாள். "கோவில்பட்டி!"

கைத்தட்டல் எழுந்தது. அபிராமி விஜயராணியைத் தேடினாள். கூட்டத்தில் அவள் மட்டும் கைதட்டவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூக்கம்மாள் யாரு? மூக்கம்மா!" அபிராமி கத்தினாள். ஜன்னலோரம் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் நின்றவள் இடித்தாள். அவள் திரும்பவில்லை. "மூக்கம்மா!"

"முனீஸ்," என்றாள் விஜயராணி, மிக மெதுவாக.

பெண் உடனே திரும்பினாள். "என்ன அத்தே?"

செங்கோட்டையன் கையிலிருந்த பிஸ்கட் அடுக்கு சாய்ந்தது. அபிராமி அருகில் போய்ப் பார்த்தாள். இரட்டைப் பின்னல், முகப்பரு, இன்னும் வளர்த்தி நிற்காத மணிக்கட்டு.

"உம் பேரு மூக்கம்மாள் இல்லையா?"

"அது அக்கா. அக்கா ஆதார்லதான்..." முனீஸ் விஜயராணியைப் பார்த்தாள்.

"ஊர்ல எங்க தெருப் புள்ள, நான்தான் கூட்டியாந்தேன்," என்றாள் விஜயராணி. "அவ அப்பன் படுத்துட்டான். பதினாறு வயசுக்கு எவன் வேலை தருவான்? ஃபாரத்துல இருபத்திரண்டுன்னு எங்கையாலதான் எழுதுனேன்."

வெளியாளுக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். அபிராமிக்கு அது பாடமாகவே தெரியும். தெரிந்திருந்தும் சொன்னாள்.

"மூக்கம்மாளாவே போகட்டும்."

"நான் போறேன்க்கா," என்றாள் முனீஸ். "தேஜுவுக்குத்தான? பேரு எதுவா இருந்தா என்ன, ரத்தம் என்னோடதுதான?"

"கைரேகை வெப்பாங்க அம்மிணி. அது அக்காளோட ரேகை இல்லை," என்றார் செங்கோட்டையன். பிறகு சட்டென்று சுற்றிப் பார்த்தார். "ரத்தினசாமி எங்க?"

ரத்தினசாமி வராந்தாவில் பதிவகத்தோடு போனில் இருந்தார். "ஆமாங்க, தெரியாம சேத்துட்டமுங்க. பதினாறுதானுங்க. இன்னைக்கே நிறுத்தியாச்சு. அந்த மாதிரியை அழிச்சிருங்க." பையருக்குக் காட்டும் ரெஜிஸ்டரில் ஒருநாளும் எழுதாத உண்மையான வயதை, அந்த ஆள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

அபிராமி போனைப் பிடுங்கினாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். சிறுமி என்று தெரிந்த பிறகு எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. பதினெட்டு ஆனதும் வரச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் பதிவு செய்கிறோம்.

"நீங்கெல்லாம் மனுசங்களாய்யா?" என்றாள் அபிராமி ரத்தினசாமியிடம்.

"அறுநூறு பேர் வேலை செய்யறாங்க கண்ணு. குழந்தைத் தொழிலாளின்னு ஒரு மெயில் போனாப் போதும், ஆர்டர் எல்லாம் கேன்சல். என்னை என்ன பண்ணச் சொல்றே?" அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது யாருக்கும் எந்த வகையிலும் உதவவில்லை.

செங்கோட்டையன் படியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னது என்ற தப்பு. அந்தப் பொண்ணை மட்டும் தனியாப் பாத்திருக்கோணும்." அபிராமி ஆறுதல் சொல்லவில்லை. தப்புதான்.

விஜயராணி அவர் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார்கள்.

"கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்லா சார்," என்றாள். "உலகத்துல எங்கயும் இல்லன்னு நெனச்சிட்டு இருந்திருப்பேன். எம்பக்கத்துல உக்காந்து எஞ்சோத்தத் தின்னுக்கிட்டு இருந்துருக்கு."

மறுநாள் காலையில் முனீஸைப் பல்லடத்தில் மதுரை பஸ் ஏற்றிவிடப் போனவள் அபிராமிதான். கம்பெனி கார்டைப் பிடுங்கியிருந்தார்கள்; கழுத்தில் அதன் நாடா மட்டும் மறந்துபோய்த் தொங்கியது. பஸ் நகரும்போது முனீஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"எக்கா, பதினெட்டு ஆகுத அன்னைக்கே வந்துருதேன். இன்னும் ஒண்ணே முக்கா வருசந்தான். தேஜுவ அதுவரைக்கும் இருக்கச் சொல்லுங்க."

அபிராமி தலையாட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தச் சேதியைச் சொல்ல அவளுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. ஐந்தாவது வாரத்தில் நோய் திரும்பியது.