போர்வைக்கு அடியில் தையல்

தன் பித்தப்பையை எடுத்ததற்கு இடது முழங்கால் ஏன் வலிக்க வேண்டும்? கண் விழித்ததும் மயக்க டாக்டருக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல்.

காலையில் அவருக்கு மயக்கம் கொடுக்க வந்த அவருடைய மாணவி பணிவாகத்தான் கேட்டாள்.

"சார், நரம்பு வழியா மருந்து கொடுக்கவா? மூச்சுல கொடுக்கிற கேஸைவிட அதுல எழுந்தப்புறம் வலி கொஞ்சம் கம்மின்னு படிச்சேன்."

"கேஸே போடும்மா. கண்டவன் அழுறதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சி, அதைப் படிக்க நீ ஒருத்தி!"

நோயாளிகளுக்கு அவர் கொடுப்பதும் எப்போதும் கேஸ்தான். விழித்தவர்கள் முனகினால், 'நடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். முழங்கால் மாற்றிக்கொண்ட டீச்சர் ஒருத்தி வலியில் துடித்தபோது முகத்துக்கு நேராகவே கேட்டார்: "பிள்ளைங்களை அடிச்ச கைதானே? இப்ப உனக்கு வலிக்குதா?"

மதிய நேரத்து வார்டு. திரைச்சீலைக்கு அப்பால் ஏதோ சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. கிருமிநாசினி நெடிக்குள்ளிருந்து பழைய ரத்தத்தின் இரும்பு வாடை ஒன்று மெல்ல மெல்லக் கட்டிலை நோக்கி நகர்ந்து வர, முழங்காலுக்குள் யாரோ நிதானமாக ரம்பம் ஓட்டுவது போலிருந்தது. பல்லைக் கடித்தார். பிறகு இடுப்பு. பிறகு, கத்தியே படாத தொண்டை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"முழங்கால் வலிக்குது."

"அங்க யாரும் கை வைக்கலையே சார்."

"வலிக்குதுன்னு சொல்றேன்ல!"

அவள் உதட்டைச் சுழித்தாள். அவரிடம் கற்ற சுழிப்புதான். "எல்லாம் மனசு சார். பேசாம தூங்குங்க."

போய்விட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. டீச்சரின் முழங்கால். அவர் 'நடிப்பு' என்று ஒதுக்கிய லாரி டிரைவரின் இடுப்பு. டான்சில் எடுத்த சின்னப் பெண்ணின் தொண்டை. சீ, மயக்கம் தெளியாத மூளையின் உளறல் என்று தன்னையே ஏளனம் செய்து பார்த்தார். வலி குறையவில்லை.

போர்வையை விலக்கினார்.

முழங்காலில் புத்தம்புதுத் தையல். ஈரம்.

அதற்கு மேலே, தொடையில், கத்தியில்லாமல் தோல் பிளந்தது. கையில்லாமல் கறுப்பு நூல் அதைத் தைத்தது. ஒவ்வொரு முடிச்சாக. அவசரமில்லாமல். தையல் வயிற்றுக்கு ஏறியது. மார்புக்கு. கழுத்துக்கு.

கத்த வாயைத் திறக்கப் பார்த்தார்.

திறக்கவில்லை.

நாக்கால் தடவினார். உதட்டின் உள்பக்கம், வரிசையாக, முடிச்சுகள்.