மார்ச் தேதியிட்ட சான்று

துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு வந்த தீயணைப்பு அதிகாரியின் மனைவி உட்காரக்கூட இல்லை. ஒரு கட்டுச் சம்பளச் சீட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

“பதினெட்டு வருஷமா இதுலதான் எங்க குடும்பம் ஓடுது. இவரு லஞ்சம் வாங்கினாருன்னு ஊரே காறித் துப்புது. நீங்கதான் காப்பாத்தணும்.”

துப்பறிவாளர் செய்தித்தாளில் படித்திருந்தார். ஜூன் இருபதாம் தேதி துணிக் கிடங்கு ஒன்று எரிந்தது. பின்கதவு வெளியே பூட்டியிருந்ததால் மூட்டை கட்டும் பெண்கள் இருவர் உள்ளேயே கருகினார்கள். மறுவாரம் விசாரணையில் கிடங்கு முதலாளி ஒரு சான்றிதழை நீட்டினார். ‘மார்ச் 12. தீ பாதுகாப்பு ஏற்பாடுகள் திருப்தி.’ கீழே இவள் கணவரின் கையெழுத்து. அதன் நகலையும் கொண்டுவந்திருந்தாள்.

“கையெழுத்து போலிதான் சார்!” துள்ளினாள் அவருடைய உதவிப் பெண். அலுவலகத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்றே பெயர்.

“கையெழுத்தை விடு. முத்திரையைப் படி.”

“மாவட்டத் தீயணைப்பு அலுவலர்.”

அவர் சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார். மே வரை ‘நிலைய அலுவலர்’. ஜூனில்தான் சம்பளமும் பதவியும் உயர்ந்திருந்தன.

“நிலைய அலுவலர் கட்டடத்தைப் பார்த்து மேலே எழுதலாம், அவ்வளவுதான். சான்று கொடுக்கவும் கட்டடத்தை மூடி சீல் வைக்கவும் மாவட்ட அலுவலருக்குத்தான் அதிகாரம். ஜூன்ல கிடைச்ச பதவி மார்ச் காகிதத்துல எப்படி வந்துச்சு? இதைக் கிடங்கு ஆபீஸ் சுவத்துல மாட்டியிருந்தேன்னு முதலாளி சொல்றாரு. அந்த ஆபீஸே சாம்பலாச்சே?”

“அப்போ தீப்பிடிச்சப்புறம் தயார் பண்ணினது!”

மனைவியின் முகம் மலர்ந்தது. துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார். “அந்த முத்திரை யார்கிட்டம்மா இருக்கும்?”

“இவரு சட்டைப்பையை விட்டு…” சொல்லி முடிக்காமலே அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதிகாரியின் வீட்டில் பட்டப்பகலில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. துப்பறிவாளர் சான்றையும் மார்ச் மாதச் சம்பளச் சீட்டையும் அருகருகே வைத்ததுமே அதிகாரி தலைகுனிந்தார்.

“பணம் வாங்கல. காப்பீட்டுக்கு மார்ச் தேதியில சான்று வேணும்னு முதலாளி வந்து நின்னாரு. பயத்துல முத்திரையில புதுப் பதவி இருக்கிறதைக்கூடப் பார்க்கல.”

“உங்களுக்கு என்ன பயம்?”

“மார்ச்ல அந்தப் பின்கதவுப் பூட்டைப் பார்த்துட்டு, கிடங்கை மூடணும்னு மேலே எழுதினேன். யாரும் கண்டுக்கல. ஜூன் ஒண்ணாம் தேதி அந்த நாற்காலிக்கே நான் வந்தேன். என் கடிதம் மேசையிலேயே இருந்துச்சு. ‘கிடங்குக்கு சீல் வைக்காம எத்தனை நாள் உட்கார்ந்திருந்தே, சொல்லட்டுமா’ன்னு முதலாளி கேட்டாரு. பத்தொன்பது நாள். புதுப் பதவி, பெரிய இடத்துப் பகை வேண்டாம்னு நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினேன்.”

மனைவி போய் வாசற்கதவை அகலத் திறந்தாள்.

“கிளம்புங்க. அந்த ரெண்டு பொண்ணுங்க வீட்டுக்கு முதல்ல. போலீஸுக்கு அப்புறம் போகலாம்.”