பிரமாணப் பத்திரத்தில் நடந்தவர்கள்

பூங்காவின் பூட்டைத் திறக்கும் முன்பே வைத்தியநாதன் கவனித்துவிட்டார். முந்தின மாலை லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, தோசைக்கல் போல வழவழவென்று உருளை ஓட்டிய நடைபாதை முழுக்கக் காலடித் தடங்கள். சாவியோ இரவெல்லாம் அவர் இடுப்பில்தான் தூங்கியது.

யாரோ சுவர் ஏறிக் குதித்திருப்பார்கள் என்றாள் மனைவி கனகவல்லி. காலை ஒன்பது மணித் திறப்பு விழாவுக்கு முன் தான்தான் முதல் சுற்று போவேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ரிப்பன் கட்ட அவர் வாசலில் தங்கினார்.

காஞ்சன்பாகில் இந்த மூன்று ஏக்கரை ஒரு வணிக வளாகம் விழுங்கப் பார்த்தது. வழக்கு பதினோரு வருஷம். வழக்குக் காகிதக் கட்டு எருமைக்கன்று கனம். ஜனங்கள் தினமும் நடக்கும் இடம்தான் என்று நிரூபிக்கச் சொன்னது நீதிமன்றம். நடந்ததோ நாலு பேரும் ஒரு நாயும். ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்த காலத்தில், தணிக்கை வந்தால் இல்லாத சாமானையும் பட்டியலில் நிரப்பிப் பழகிய கை அவருடையது. பிரமாணப் பத்திரத்தில் ஒரே மூச்சில் இருநூற்றெட்டு பேரைப் படைத்துவிட்டார். பெயர், வயது, சர்க்கரை அளவு, மூட்டுவலி எல்லாம் தாராளமாக. இவர்கள் ஒரு நாளும் நடையை நிறுத்தியதில்லை என்று சத்தியமும் செய்தார். வழக்கு ஜெயித்தது.

ரிப்பன் முடிச்சு இறுகும்போது அது கேட்டது. தூரத்து மழை கிட்டே வருவது போல, ஈர மண்ணில் நூற்றுக்கணக்கான செருப்புகள் ஒரே கதியில் தேய்ந்து வரும் ஓசை. கூடவே, மண்வாசனையை அமுக்கிக்கொண்டு, வலித் தைலத்தின் நெடி. வளைவில் பனி விலகியது. கூட்டம். நடுவில் கனகவல்லி.

முன்னால் வந்தவரின் நீல மஃப்ளரை அவருக்குத் தெரியும். முகமது யூசுப், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வயது எழுபத்தொன்று. நீதிபதி நம்புவதற்காக அவரே சேர்த்த மஃப்ளர்.

அதற்கு மேலே முகம் இல்லை. முகத்தை அவர் எழுதவில்லை.

"நடக்கறதுன்னு எழுதினீங்க சாப்," என்றது அந்த வழவழப்பு. "நிக்கறதுன்னு எழுதலை. கைக்கு? ஏன் எழுதலை?"

கூட்டம் கடந்தது.

"கனகா, வெளில வா."

"கால் நிக்க மாட்டேங்கறதுன்னா." குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. "முட்டிகூட வலிக்கலை."

இரண்டாம் சுற்றில் அவள் கையைப் பற்றி இழுத்தார். ஓடும் பஸ்ஸைப் பிடித்தவர் போல விழுந்தார். அவள் முகத்தில் மூக்குத்தி இருந்தது. மூக்கு தட்டையாகியிருந்தது.

விழாவில் காட்டக் கொண்டுவந்த பட்டியலைக் கிழித்தார். சுக்கல் சுக்கலாக. அது நகல். அசல் நீதிமன்றத்தில், முத்திரையோடு.

மூன்றாம் சுற்று. கண்கள் இல்லை.

வாசலில் பாண்டு வாத்தியம் வந்திறங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

நான்காம் சுற்று. நெற்றியில் குங்குமம். கீழே வெறும் தோல். அவர் எதிரே வந்தபோது, வாய் இருந்த இடத்தில் அந்தத் தோல் உள்ளிருந்து ஒருமுறை புடைத்தது. "ஏன்னா" என்று கூப்பிடும் அளவுக்கு.