கடித்து வைத்த ரொட்டி

"அதுல கை வைக்காதே மஸ்தூரா, சொல்றதக் கேளு, அது எங்க—"

"எங்க அண்ணனோடது, எங்க அண்ணனோடது! நாப்பது வருஷமா ஆணியில தொங்குற காஞ்ச ரொட்டிக்கு ஒரு காவல், அதுக்கு ஒரு—"

"கையை எடுடி!"

"'டி' போடறதெல்லாம் கோர்ட்டோட முடிஞ்சுபோச்சு. ஸ்டூலைப் பிடி. அதுக்காவது உபயோகப்படு."

எர்காஷ் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் எதையும் உருப்படியாகப் பிடித்ததில்லை; ஒரு வேலையை, ஒரு சொன்ன சொல்லை, ஒரு ஏணியை. மஸ்தூரா தானே ஏறி, சுவரின் உச்சியில் மாமியார் அடித்து வைத்த ஆணியிலிருந்து ரொட்டியைத் துணியோடு கழற்றினாள். அத்தனை வருஷமும் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று, கோர்ட் படியில் இறங்கும்போது முதல் தடவையாக 'நீ' என்றாள். அவன் கால் இடறிற்று. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

கீழே இறங்கித் துணியைப் பிரித்தாள். கூழாங்கல்லைப் போல் இறுகிய வட்ட ரொட்டி. நடுவில் பூ அச்சு, அங்கங்கே கருஞ்சீரகம். ஓரத்தில் ஒரு கடி. பல் பதிந்த தடம் அரைவட்டமாகத் தெளிவாக இருந்தது.

அந்த விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது.

"இதென்ன, எச்சில் தடவி வெச்சிருக்கியா?"

"நான் அதத் தொட்டதே இல்ல."

"ஆமா. நிலவறையில தண்ணி ஊத்தினதும் நீ இல்ல."

வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது கோர்ட். விற்கிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான். வேறு போக்கிடம் கிடையாது. முதலில் வீடு பார்க்க வந்தவர்களுக்காக எர்காஷ் நிலவறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வைத்து, "அடியில ஊத்து இருக்கு, என்ன பண்றது" என்று பெருமூச்சு விட்டான். அடுத்து வந்தவர்களிடம் கூரையில் பாம்பு இருக்கிறது என்றான். இந்த மார்கிலான் ஊரில் கூரைப் பாம்பை நம்ப ஒரு குடும்பம் இருந்தது என்பதுதான் அவளால் தாங்க முடியாதது. மூன்றாவதாக வந்த அந்திஜான் ஊர்த் தம்பதிக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது அந்தப் பெண்பிள்ளை தங்கப் பல் தெரிய அண்ணாந்து ஆணியில் தொங்கிய ரொட்டியைப் பார்த்து, "யாராவது வெளியூர் போயிருக்காங்களா? ஆள் வரவேண்டிய வீட்ட நாங்க எப்படிம்மா வாங்குறது? அதை இறக்கிடுங்க. நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கப் பல்லுக்குள் மூளை எவ்வளவு இருக்கும் என்று மஸ்தூராவுக்குத் தெரியும். ஆனாலும் ஃபெர்கானா நகரத்தில் அவள் பார்த்து வைத்திருக்கும் ஒற்றை அறை அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. ஒரு அறை, ஒரு கதவு, ஒரு சாவி. அந்தச் சாவி தன்னிடம் மட்டும். இந்த விற்பனையும் கெட்டால் இன்னொரு குளிர்காலம் முழுக்க இவனுடைய இருமலைக் கேட்டுக்கொண்டு கிடக்கவேண்டும்.

"அவன் பட்டாளத்துக்குப் போற அன்னிக்கு எங்கம்மா இத நீட்டினாங்க," என்றான் எர்காஷ். குரல் இறங்கியிருந்தது. "ஒரு வாய் கடிச்சான். மிச்சத்த வந்து திம்பான்னு மாட்டினாங்க. அத முடிக்கவேண்டியவன் அவன்தான்."

"அவன்தான் பொணமா பெட்டியில வந்துட்டானே."

"துத்தநாகப் பெட்டி. திறக்க விடல. அம்மா ஆட்டிப் பாத்தாங்க. உள்ள கல்லுதான் உருண்டுச்சு."

"உங்கம்மாவுக்கு உன் தலைய ஆட்டினாலும் அதே சத்தம்தான் கேட்டிருக்கும்."

பத்தொன்பது வயதில் போன அந்த அண்ணன் ஸோயிருக்கு மாமியார் சாகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி வைப்பாள். ஆறியதும் மருமகள்தான் அதை முற்றத்தில் கொட்டவேண்டும். கண்ணால் பார்க்காத மைத்துனனுக்கு வருஷக்கணக்காகக் கிண்ணம் கழுவிய கை இது.

இப்போது அந்தக் கையில் ரொட்டி. குப்பையில் போட முடியாது. அவளுக்கு எதிலும் பெரிய மரியாதை கிடையாது; ஆனால் தரையில் விழுந்த துண்டைக்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிவிட்டு மேலே வைத்துப் பழகிய ஊர். காய்ந்த ரொட்டிக்கு ஒரே வழிதான், தேநீரில் ஊறவைத்துத் தின்பது.

"சரி, உங்க அண்ணனுக்கு பதிலா நானே முடிச்சிடறேன்" என்று உலக்கையை எடுத்தாள்.

எர்காஷ் அதைப் பார்க்க நிற்கவில்லை. செருப்பின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

"எங்க ஓடற?"

"தெருமுனை டீக்கடையில படுத்துக்கறேன். நீ மனுஷியே இல்ல."

"போ, போ. உங்க அண்ணன் வந்தா அவருக்கும் ஒரு கிண்ணம் ஊத்தி வெக்கறேன்!"

சொன்னபடி ஊற்றியும் வைத்தாள். யாரும் பார்க்காத நக்கலுக்கு ஒரு தனி ருசி உண்டு.

பொழுது சாயும் நேரத்தில் வழக்கம்போல் மின்சாரம் போயிற்று. எரிவாயு காலையிலிருந்தே பூனை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குட்டை மேசையின் அடியில் கனல் சட்டியைத் தள்ளி, மேசைக்கு மேலே போர்த்திய பெரிய பஞ்சுப் போர்வைக்குள் இடுப்பு வரை நுழைந்து உட்கார்ந்தாள். ஜன்னலில் பனி வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. எதிர்ப் பக்கத்தில் இரண்டாவது கிண்ணத்திலிருந்து ஆவி நேராக எழும்பி, ஏதோ ஒன்றில் முட்டியதுபோல் பாதியில் பிரிந்து இரண்டு பக்கமும் போயிற்று.

ரொட்டி உடைந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. உலக்கை பட்டதும் கல் போலத் தெறிக்காமல் மெத்தென்று பிளந்தது. தேநீரில் போட்டால் நூலாம்படை வாசனை வரவேண்டும். வந்ததோ இப்போதுதான் தந்தூரி அடுப்புச் சுவரிலிருந்து பிய்த்த ரொட்டியின் வாசனை. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான், திருட்டு மூதேவி. அதற்கு மட்டும் மூளை வேலை செய்கிறது. ருசித்துத் தின்றாள். நன்றாகவே இருந்தது. கடிபட்ட விளிம்பைக் கடைசியில் தின்றாள். அதில் உப்புக் கரித்தது, இரும்பும் மணத்தது, ஏதோ ரத்தம் வந்த ஈறை நாக்கால் தடவியதுபோல்.

வாசல் கதவு சத்தம் கேட்டது.

அந்தக் கதவு பனிக்காலத்தில் உப்பி அடியில் மாட்டிக்கொள்ளும். வீட்டு ஆட்கள் மட்டும் கீழே ஒரு உதை கொடுத்துத் திறப்பார்கள். உதை விழுந்தது. முற்றத்துப் பனியில் நறுக் நறுக்கென்று அடி கேட்டது. செருப்பின் சத்தமாக இல்லை, கனமாக இருந்தது. நடைக்கு வந்து நின்று, பனியைத் தட்டி, ஒன்று, பிறகு இன்னொன்று என்று கழற்றி வைக்கிற சத்தம்.

"டீக்கடையில இடம் குடுக்கலையா?" என்று திரும்பாமலே கேட்டாள். "உனக்கு யார் குடுப்பா?"

இருட்டு அடர்ந்துவிட்டிருந்தது. சுவரில் விரல் உரசிக்கொண்டு மேலே போகும் சத்தம். ஆணியைத் தொட்டது. ஆணியைச் சுற்றித் தடவியது. நின்றது.

"தேடாதே. தின்னாச்சு. ஒரு துணுக்கு மிச்சமில்ல."

பிறகு எதிர்ப் பக்கத்தில் போர்வை தூக்கப்பட்டது. குளிர் உள்ளே புகுந்தது. மேசைக்கு அடியில் இரண்டு பாதங்கள் வந்து அவள் பாதத்தின் மேல் பட்டன. ஆற்றிலிருந்து எடுத்த கல்லின் குளிர்ச்சி. வெறும் பாதம், ஈரம்.

"காலை எடு, நாயே" என்று உதைத்தாள்.

கால் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கியது. கனல் சட்டியில் ஏதோ 'சுர்' என்றது.

செல்போன் அடித்தது. திரையில் எர்காஷின் பெயர்.

அவள் அந்தப் பெயரையே பார்த்தாள். பச்சையைத் தொட்டாள்.

"மஸ்தூரா, நான் கடையிலதான் இருக்கேன்," என்றான் எர்காஷ். பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்டது. "நாளைக்குக் கையெழுத்துப் போட நேரா வந்துடறேன். அந்த ரொட்டிய மட்டும் தின்னுடாதே. வேணும்னா எடுத்து ஒளிச்சு வெச்சுக்கோ. கேக்குதா?"

எதிரில் யாரோ கிண்ணத்தை எடுத்தார்கள். ஊதினார்கள். உறிஞ்சினார்கள். நிதானமாக, நீளமாக.

"உன்கூட யாரு டீ குடிக்கறது?" என்றான் எர்காஷ். மூச்சு விட்டான். அப்புறம், இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத ஒரு சின்னப் பையனின் குரலில், "அண்ணா?" என்றான்.

போன் அணைந்தது. அணைவதற்கு முன் அதன் வெளிச்சம் மேசைக்குக் குறுக்கே விழுந்தது.

மொட்டையடித்த தலை. பட்டாளச் சட்டை. மீசை முளைக்காத முகம், அவளுக்கு மகனாக இருக்கக்கூடிய வயது. பழி வாங்க வந்த முகமில்லை அது. பசித்த முகம். கன்னம் ஒட்டிப்போய், உதடு உள்ளே போய், நாற்பது வருஷம் நடந்து வந்த பசி.

இருட்டு.

அவன் அவளைப் பார்த்ததில்லை. அந்த மேசையில் அந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டாவது கிண்ணம் ஊற்றி வைத்து, வாசலைப் பார்க்காமல் காத்திருப்பவள் ஒருத்திதான் அவனுக்குத் தெரியும்.

நான் இல்லை என்று சொல்லப் பார்த்தாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போர்வை சரிந்தது. ஒரு முகம் மேசையைத் தாண்டி வந்தது. மூக்கு. அவள் கன்னத்தில். உதட்டோரத்தில். மோந்தது. மறுபடியும் மோந்தது.

கருஞ்சீரக வாசனை.

குளிர்ந்த விரல்கள் தாடையை மெதுவாக, மரியாதையாகத் தாங்கின.

"அம்மா, கொஞ்சம் வாயத் திறங்க."