நடுவைப் பார்க்காத கண்

"தாலியக் காணோங்க" என்று மூச்சிரைக்க வந்து நின்றார், அன்று மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ராஜாங்கம்.

கள்ளக்குறிச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த விஜயலட்சுமி, ஊராரின் கண்ணையும் பார்ப்பாள், களவையும் கண்டுபிடிப்பாள். பக்கத்துக் கடை ஹப்சாவுக்குத் துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இருவரும் உடனே கிளம்பினார்கள்.

அது எண்பத்தாறு, சித்திரை மாதம். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாள். சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அன்புச்செல்வன் மூங்கில்துறைப்பட்டில் மாட்டிக்கொண்டான். பத்தரைக்குள் முகூர்த்தம். அவன் வராவிட்டால் தன் அக்கா மகன் பழனியைத் தாலி கட்ட வைப்பதென்று ராஜாங்கம் முடிவெடுத்துவிட்டார். மணப்பெண் தங்கமணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன்!

கூடத்தில் பெரிய மாக்கோலம். நடுவில் அரிசி நிரப்பித் தேங்காய் வைத்த கலசம். அதன் பக்கத்துத் தட்டிலிருந்துதான் தாலி மாயமாகியிருந்தது. அங்கே போய்வந்தவர்கள் ஐந்து பேர்.

"பொண்ணுதான் எடுத்திருக்கும்க்கா" என்று ஹப்சா கிசுகிசுத்தாள்.

விஜயலட்சுமி கோலத்தின் ஓரத்தில் ஓர் இழையை ஈரத்துணியால் அழித்தாள். ஒரு தாளில் எதையோ எழுதி மடித்து ஹப்சாவிடம் கொடுத்தாள். பிறகு ஐவரையும் ஒவ்வொருவராக வாசற்படியில் நிறுத்தி, கோலம் எப்படி என்று கேட்டாள். தங்கமணி உட்பட நால்வர், இழை அறுந்திருப்பதைச் சொன்னார்கள். பழனியும் சொன்னான், ஓரமெல்லாம் அழகு என்று பாராட்டவும் செய்தான்.

எல்லாரும் கூடியதும் ஹப்சா தாளைப் பிரித்துப் படித்தாள். 'கண் போகும் வழி: முதலில் நடுக் கலசம், அடுத்து அறுந்த இழை.'

"கோலத்துல யார் கண்ணும் மொதல்ல நடுவுக்குத்தான் போவும். நாலு பேருக்கு அப்படித்தான் போச்சு. பழனி மட்டும் நாலு ஓரத்தையும் சுத்தினாரே தவிர, நடுவுல கண்ணையே வைக்கல. அங்க இன்னா இருக்குதுன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் விஜயலட்சுமி.

கலசத்து அரிசிக்குள் தாலி இருந்தது. ராஜாங்கம் கையை ஓங்கிவிட்டார்.

"அடிங்க மாமா. தங்கமணி அன்பு மேல உசுரையே வச்சிக்கினு இருக்குது. நான் எப்படி கட்டுவேன்?" என்றான் பழனி.

ஓங்கிய கை இறங்கியது. ராஜாங்கம் முதல்முறையாக மகளிடம் கேட்டார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன் என்றாள் தங்கமணி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் ஒன்றரைக்குச் சைக்கிளைத் தோளில் சுமந்து மரங்களைத் தாண்டி, வேட்டியெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தான் அன்புச்செல்வன். ஐயர் முணுமுணுத்தபடி பஞ்சாங்கத்தைப் புரட்டி, இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார்.

"கெட்டிமேளம்!" என்று முதலில் கத்தியவன் பழனிதான்.