பட்டுக் கடை மாடியில் காணாமல் போன கிரேக்க நாடகம்

ஞாயிறு மாலை ஐந்தே முக்கால். காஞ்சிபுரத்தில், மாணிக்கவேலின் பட்டுக் கடை மாடியில் ஒரு புத்தகத்தைக் காணோம்.

வாராவாரம் அங்கே மூன்று பேர் பழைய கிரேக்க நாடகங்களை மூலமொழியிலேயே படிக்கிறார்கள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வாசித்துப் பொருள் சொல்பவர் யேசுதாஸ், இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கேட்பவர்கள், அவரிடமே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய கடைக்காரர் மாணிக்கவேலும் வங்கிக் காசாளர் தீபிகாவும். காணாமல் போனது, தீபிகா அலைந்து தேடிக் கண்டுபிடித்து மாணிக்கவேல் வாங்கிய நாடகம். யேசுதாஸே படித்திராதது; அன்றுதான் அதைத் தொடங்குவதாக இருந்தது.

விசாரிக்க வந்தவள் மாணிக்கவேலின் மைத்துனி, எஸ்.ஐ. துர்காதேவி.

"நானும் தீபிகாம்மாவும் டீ குடிக்கக் கீழ வந்தோம். சார் மட்டும் மேல கண்ணசந்துக்கினு இருந்தார். நடுவுல ஃபோனை மறந்துட்டேன்னு அந்தம்மா ஏறுச்சு. அந்தப் புக்கு மேல அதுக்கு ஒரு கண்ணு. இனிமே வர வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் மாணிக்கவேல்.

"பையெல்லாம் பாத்தீங்களா?"

"என்னுது, அதுது, கடைப் பசங்களுது, எல்லாம் பாத்தாச்சு."

தீபிகாவின் கண்கள் சிவந்திருந்தன. "இந்த வகுப்புதான் மேடம் எனக்கு எல்லாமே. போன வாரம் பாதியில கரண்ட் போயிடுச்சு. மழை இருட்டு, எங்க கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியல. சார் நிறுத்தவே இல்ல, அந்தக் காட்சியை முடிச்சுட்டார். அவர்கிட்ட நான் திருடுவேனா?"

துர்காதேவி தனியாக மாடி ஏறினாள்.

"உங்க பையை மட்டும் யாரும் பாக்கல சார். வாத்தியார் பையில கை வைக்க யாருக்கு மனசு வரும்?"

யேசுதாஸ் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"இருட்டுல வாசிச்சீங்க. அப்போ வெளிச்சத்துலயும் நீங்க வாசிக்கல, மனப்பாடமா சொல்லியிருக்கீங்க. புதுப் புத்தகத்துல அது நடக்காது. எப்பலேர்ந்து சார் கண்ணு தெரியல?"

"ஒரு வருஷம் ஆகுதும்மா. எழுத்தெல்லாம் கலங்கிப் போகுது." பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "படிக்கத் தெரிஞ்சவன்கிற பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

"அந்தம்மாவுக்குத் திருடிங்கிற பேரு மிச்சம்."

கிழவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கைப்பிடியைப் பிடித்து இறங்கி, வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, "நான்தான் எடுத்தேன்," என்றார். ஏன் என்பதையும் சொன்னார். மாணிக்கவேல் தலைகுனிந்தார்.

தீபிகா புத்தகத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்தாள். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாள். பக்கத்தின் முடிவில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்புறம் என்னம்மா ஆகுது?" என்று கேட்டார் யேசுதாஸ்.